தேரிக்கு முதுகு காட்டாத குழியானை

அந்தக் காலத்தில், முயலிடம் வழி கேட்கவும் ஓணானிடம் மழைக்குறி விசாரிக்கவும் மனிதர் யாரும் கூச்சப்படாமல் இருந்தபோது, மேற்கு மலைக்கும் கீழைக் கடலுக்கும் நடுவே நீராளம் என்றோர் ஊர் இருந்தது. மொத்தம் நாற்பது வீடுகள். ஊரை ஒட்டி மேற்கே ஒரு பெரிய செம்மணல் மேடு. அதைத் தேரி என்று சொல்வார்கள்.

அந்த மேட்டைக் கொண்டுவந்து வைத்தது காற்றுதான். ஆடி மாதம் மலைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். மலையடிச் செம்மண்ணை வாரிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடும். கடற்காற்று எதிரே வந்து முட்டியதும் வாரியதைக் கீழே போட்டுவிடும். இப்படி எத்தனையோ ஆடிகள் போட்ட மண் குவிந்து, ஏழு ஆள் உயரத்துக்கு மேடாகிவிட்டது. அதன்மேல் உடை என்னும் முள்மரங்கள் முளைத்து வேர்விட்டன. வேர் பிடித்ததால் மேடு இருந்த இடத்திலேயே இருந்தது.

மழை பெய்தால் தேரியிலிருந்து ஒரு சொட்டும் வழிந்து ஓடாது. எல்லாவற்றையும் மணல் குடித்துவிடும். குடித்த நீரை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடிவாரத்தில் கசியவிடும். அந்தக் கசிவுதான் ஊருக்குச் சுனை. சுனைக்குக் கீழே இருந்த ஈரநிலத்தில் சாமையும் பயறும் விளைந்தன. கொஞ்சம் வாழையும் உண்டு. நிலம் நல்ல நிலம், ஆனால் குறுகிய நிலம். மேற்கே தேரி, கிழக்கே உப்புப் பூத்த உவர் நிலம். நடுவில் ஒரு துண்டு.

அந்தத் துண்டில் ஒரு மூலை பலவேசத்துக்கும் அவன் தம்பி மாசானத்துக்கும் சொந்தம். தகப்பனும் தாயும் ஒரே வருஷத்தில் போய்விட்டபோது மாசானத்துக்கு நான்கு வயது. பலவேசம்தான் தம்பியைத் தோளில் உட்கார்த்திக்கொண்டு ஏர் ஓட்டினான். தோளில் இருந்தபடியே மாசானம் தூங்கிவிடுவான். அவன் எச்சில் அண்ணன் கழுத்தில் வழியும். அப்படி வளர்ந்தவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். பலவேசத்துக்கும் அவன் மனைவி பொன்னிருளிக்கும் பிள்ளை இல்லை. தம்பி பிள்ளைகள்தான் பிள்ளைகள்.

ஒரு பங்குனி மாதம் சாப்பாட்டில் கை வைத்தபடி மாசானம் சொன்னான்: "அண்ணே, நான் கடற்கரைப் பக்கம் போயிரலாம்னு பாக்கேன். உப்பு வாரிப் பொழைச்சுக்கிடுவேன்."

"எதுக்குடே?"

"இந்த நெலத்துல ரெண்டு குடும்பம் எப்படித் திங்கும்? போன வருஷம் மதினி பட்டினி கெடந்துட்டு, தின்னேன் தின்னேன்னு சொன்னா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

பொன்னிருளி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்கப் பலவேசம் வயலுக்குப் போகவில்லை. சுனைக்கரையில் உட்கார்ந்து தேரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் எழுந்து நேராகக் குழியானையிடம் போனான்.

குழியானை அப்போது இப்போதுபோல் மிளகு அளவு இல்லை. பெருச்சாளியைவிடப் பெரியது. தலை மண்வெட்டிபோல் தட்டையாக இருக்கும். முன்னால் கிடுக்கிபோல் இரண்டு கொம்பு. ஊரில் கிணறு தோண்டுவதும் தானியக் குழி பறிப்பதும் அதுதான். கூலியாகக் களத்து எறும்புகளைக் கூட்டி ஓலைப்பெட்டியில் போட்டுத் தருவார்கள். பத்து ஆள் ஒரு நாளில் தோண்டுவதை அது ஒரு காலைப்பொழுதில் தோண்டிவிடும். அதனால்தான் அந்தப் பெயரும் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் அதற்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

"தேரி அடியை வெட்டிச் சமமாக்கித் தருவியா?" என்று கேட்டான் பலவேசம். "சுனைத் தண்ணி பாய்ற மாதிரி ஒரு வயல் வேணும். என் தம்பிக்கு."

குழியானை தேரியை ஒருமுறை பார்த்தது. "அண்ணாச்சி, மணலுக்குன்னு ஒரு சாய்வு இருக்கு. அது தானாச் சாஞ்சு படுத்திருக்கு. காலைப் பிடிச்சு இழுத்தா மேலே உள்ளது வந்து விழும்."

"அடியில கொஞ்சந்தானே கேக்கேன்."

"மரத்தையாவது விட்டுவைப்பீங்களா?"

"வேரு கெடந்தா வயல் எப்படி ஆகும்? நெழலும் விழும். மேட்டுச் சரிவு வரைக்கும் வெட்டித்தான் ஆகணும்."

குழியானை தயங்கியது. பலவேசம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். "உன்னால முடியாதுன்னா சொல்லிரு. நான் கையால வெட்டிக்கிடுதேன். இந்த ஊருல முடியாததுன்னு ஒண்ணை நீ சொல்லி நான் கேட்டதில்லை, அதான் வந்தேன்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். ஆனால் குழியானைக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. "யார் முடியாதுன்னது?" என்று எழுந்துகொண்டது.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பலவேசமும் மாசானமும் உடைமரங்களை வெட்டினார்கள். அடிமரம் விறகாயிற்று, முள் வேலியாயிற்று. குழியானை வேர்களைத் தோண்டி எடுத்துப்போட்டது. பிறகு தேரியின் காலை அரிந்து அரிந்து மணலை இரண்டு பக்கமும் தள்ளியது. இருபது நாளில் புதிதாக ஒரு வயல் பிறந்தது. சுனையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். மாசானம் முழங்கால்வரை சேற்றில் நின்று சிரித்தான். "அண்ணே, நான் கடற்கரைக்குப் போகலை" என்றான். பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோருக்கும் நிலம் தேவைப்பட்டது. ஆளுக்கு ஒரு துண்டு என்று தேரி நெடுகிலும் மரம் விழுந்தது. குழியானைக்கு ஓய்வே இல்லை. சித்திரை முடிவதற்குள் கிழக்குச் சரிவு மழித்த தலைபோல் ஆகிவிட்டது. மேட்டு உச்சியில் இருந்த மரங்களையும் விறகுக்கு வெட்டினார்கள். குடியிருந்த மரம் போனதும் ஓணான்கள் வேலிகளில் ஏறிக்கொண்டன. ஒரு முயல் மட்டும் தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஊரைக் கடந்து கிழக்கே போயிற்று.

"எங்க போற?" என்று கேட்டாள் பொன்னிருளி.

"வளையைத் தோண்டத் தோண்ட மூடிக்கிடுது மதினி. முன்னெல்லாம் இப்படி மூடாது" என்று சொல்லிவிட்டு அது நிற்காமல் நடந்தது.

வைகாசியிலேயே பொன்னிருளிக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. காலையில் வாசலைப் பெருக்கினால் ஒரு பெட்டி செம்மணல் சேரும். ஆனியில் இரண்டு பெட்டி. சோற்றில் மணல் கடிபட்டது. புதுவயலின் மேற்கு வரப்பை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேடவேண்டியிருந்தது. ஒரு விரல் அளவு, ஒரு கை அளவு என்று மணல் வரப்பைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கணவனிடம் காட்டினாள்.

"இங்க பாருங்க. நேத்து இந்தச் செடி வெளியில நின்னுது. இன்னைக்குக் கழுத்துதான் தெரியுது."

"மேல்காத்து அடிச்சா மண்ணு பறக்கத்தான் செய்யும்" என்றான் பலவேசம். "குழியானைகிட்ட சொல்லி இன்னுங் கொஞ்சம் அரியச் சொல்லுதேன்."

குழியானை வந்து அரிந்தது. அரிந்த இடத்தில் மறுநாள் மேலிருந்து மணல் வந்து நிறைந்தது. மறுபடி அரிந்தது. அதற்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. ஆனால் நாற்பது வீடும் தன்னைப் பார்த்து யானை யானை என்று கூப்பிடும்போது, முதல் நாள் தான் சொன்னது சரிதான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டது.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள். சாமை தலைசாய்த்திருந்தது. இன்னும் பத்து நாளில் அறுக்கலாம். மாசானம் காலையிலேயே காளையோடு புதுவயலுக்குப் போயிருந்தான். மேற்கு வரப்பை ஒட்டி ஒரு முளை அடித்து, அதில் காளையைக் கட்டிவிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகளும் கிழக்கு வரப்பில் குருவி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சம் மாறியது. பொன்னிருளி கஞ்சிச் சட்டியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். சூரியன் ரத்தக் கட்டிபோல் தொங்கியது. தேரியின் உச்சியிலிருந்து ஒரு சிவப்புத் துணி பறப்பதுபோல் இருந்தது. அது துணி இல்லை, மணல்.

காற்று அதற்கு முன்பும் அடித்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்பெல்லாம் அது மரத்தின் தலைகளைத் தொட்டுவிட்டுப் போய்விடும். அன்றைக்குத் தொடுவதற்கு மரம் இல்லை. நேராக மணலிலேயே கை வைத்தது. மேட்டின் முதுகிலிருந்து வாரி உச்சிக்குக் கொண்டுவந்தது. உச்சி கனத்துக்கொண்டே போனது. கீழே அதன் காலை வெட்டியிருந்தார்கள்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எல்லோரையும் பிற்பாடு நடுங்கவைத்தது. இடிபோல் இடித்திருந்தால் ஓடியிருப்பார்கள். கேட்டதெல்லாம் கோணியிலிருந்து தானியம் கொட்டுகிற சத்தம்தான். சர்ர் என்று. தேரியின் சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கி நகர்ந்தது.

மாசானம் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினான்: "ஓடுங்கடே! பெரியம்மைகிட்ட ஓடுங்க!" அவனும் ஓடினான். வயலில் பாதிதூரம் வந்துவிட்டான். அப்போது பின்னால் காளையின் குரல் கேட்டது.

"மாசானம்! கயிறு! கயித்தை அவுத்து விடு!"

காளை முளையைச் சுற்றித் திமிறிக்கொண்டிருந்தது. மணல் அதன் வயிற்றைத் தொட்டிருந்தது. மாசானம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. திரும்பினான். வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு மணலில் தவழ்ந்துபோய்க் கயிற்றை அறுத்தான். காளை எம்பிப் பாய்ந்து வெளியே வந்துவிட்டது. அவனால் வர முடியவில்லை. இடுப்புவரை மணல் பிடித்திருந்தது.

முதலில் அவன் சிரித்தான். சேற்றில் சிக்கிக்கொண்டதுபோல்தான் நினைத்தான். கையை ஊன்றி எழும்பப் பார்த்தான். கை முழங்கைவரை உள்ளே போயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது.

குழியானைதான் முதலில் வந்து சேர்ந்தது. மணல்மேல் நாலுகால் பாய்ச்சலில் வந்து, மாசானத்தின் முன்னால் தலையைக் குத்தித் தோண்டத் தொடங்கியது. வாழ்நாளில் அத்தனை வேகமாக அது தோண்டியதில்லை. ஒரு கணத்தில் ஒரு பள்ளம் ஆயிற்று. அடுத்த கணத்தில் மேலிருந்து இரண்டு மடங்கு மணல் வந்து அந்தப் பள்ளத்தை நிறைத்தது. மாசானத்தின் நெஞ்சுவரை ஏறியது.

மறுபடி தோண்டியது. மறுபடி வந்தது. இப்போது தோள்வரை.

"யானை, நிறுத்து" என்றான் மாசானம். குரல் அமைதியாக இருந்தது. "நீ தோண்டத் தோண்டத்தான் வருது."

குழியானை கொம்பை மணலிலிருந்து எடுத்தது. தோண்டினால் மூடும். தோண்டாவிட்டாலும் மேலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. முன்னே எடுத்த காலை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அந்த வேலையே இப்போது எதிரே நிற்பவனைப் புதைத்துக்கொண்டிருந்தது.

பலவேசம் கயிற்றோடு ஓடிவந்தான். மணலில் விழுந்து எழுந்து விழுந்து வந்தான். கயிற்றை வீசினான். மாசானத்தின் கைகள் உள்ளே இருந்தன. கயிறு அவன் தலையில் பட்டுச் சரிந்தது.

"மக்கா, கையை எடுடே! கையை வெளிய எடு!"

மாசானம் அண்ணனைப் பார்த்தான். முகத்தில் பயம் இல்லை, ஏதோ ஆச்சரியம்தான் இருந்தது. "கீழ ஈரமா இருக்கு அண்ணே" என்றான். "குளுகுளுன்னு இருக்கு."

சர்ர் என்று மறுபடியும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவன் இருந்த இடத்தில் வழவழப்பான சிவப்புச் சரிவு இருந்தது.

பலவேசம் கயிற்றைச் சுருட்டினான். ஏன் சுருட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒழுங்காகச் சுற்றிச் சுற்றி, வீட்டில் ஆணியில் மாட்டுவதுபோல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பொன்னிருளி வந்து அவனை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் மூவரும் அவள் சேலையைப் பிடித்திருந்தார்கள்.

காற்று மூன்று நாள் ஓயவில்லை. ஊரார் கிழக்கே உவர் மேட்டில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் ஊர் இருந்த திசையில் சிவப்புப் புகை மட்டும்தான் தெரிந்தது. யாரும் அழவில்லை. அழுகை வருவதற்கு முதலில் நடந்தது புரியவேண்டும். பொன்னிருளி கஞ்சி அகப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள். மாசானத்தின் மனைவி பேச்சித்தாய் அறுவடைக்கு யார் யாரைக் கூப்பிடவேண்டும் என்று பெயர் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. காளை ஓர் ஓரமாக நின்றது. அதற்கப்புறம் அது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான்காம் நாள் காற்று அடங்கியது. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள்.

ஊர் இல்லை. கூரை இல்லை. வேலி இல்லை. வாழைத்தோப்பு இருந்த இடத்தில் ஓர் இலைநுனி மட்டும் மணலில் குத்தி நின்றது. தேரி முன்னைவிட அகலமாக, ஒரு காலடிகூடப் படாமல், இப்போதுதான் பிறந்ததுபோல் படுத்திருந்தது. ஒருத்தி பழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்கு நடந்தாள். சுனை இருக்கவேண்டிய இடத்துக்கு வந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். வழி தவறிவிட்டோம் என்று நினைத்தாள்போல. மறுபடி குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் ஒருவன் குழியானையைப் பார்த்துக் கை நீட்டினான். "நீதானே தோண்டினே!"

சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்ததுபோல் ஆயிற்று. "நீதான்! நீதான்!" என்று கூச்சல் எழுந்தது. கல்லைத் தேடினார்கள். தேரியில் கல் ஏது?

பலவேசம் முன்னால் வந்து நின்றான். மூன்று நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "அது வேண்டாம்னு சொல்லிச்சு. தோண்டச் சொன்னது நான். மரத்தை வெட்டினது நாம எல்லாரும். அதை அடிக்கணும்னா முதல்ல என்னை அடிங்க."

நீட்டிய கை கீழே இறங்கியது.

"அண்ணாச்சி, நான் ஒரு தடவைதான் சொன்னேன்" என்றது குழியானை. "ரெண்டாந் தடவை சொல்லியிருக்கணும். தெரிஞ்சே சொல்லாம விட்டேன்."

 மன்னித்தேன் என்று பலவேசம் சொல்லவில்லை. அவனால் அது முடியவில்லை.

குழியானை போக நினைத்தது. ஆனால் தேரிக்கு முதுகைக் காட்ட அதற்குத் துணிவு வரவில்லை. திரும்பினால் மறுபடியும் சர்ர் என்று வந்துவிடுமோ என்று பயந்தது. சரிவின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஓரடி பின்னால் வைத்தது. இன்னோரடி. அப்படியே பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து ஆட்களின் கால்களுக்கு நடுவே போய் மறைந்தது.

மழைக்காலம் முடிந்ததும், கால் காத தூரம் கிழக்கே, உவர் மேட்டின் அடியில் மண் நனைந்தது. தேரி குடித்த நீர் புது அடிவாரத்தில் கசியத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வந்த இடத்துக்கு ஊரும் வந்தது. கசிவு உவரைக் கழுவிய வரைக்கும் வயல் போட்டார்கள். அதே சின்னத் துண்டுதான். பசி வந்தபோது பகிர்ந்து தின்றார்கள்.

பலவேசம் கடற்கரை ஊர்களுக்கு நடந்து போய்ப் பனங்கொட்டை வாங்கிவந்தான். தேரியின் உச்சியில் வரிசையாக ஊன்றினான். பத்துக் கொட்டையில் இரண்டுதான் பிழைத்தது. மறு வருஷமும் ஊன்றினான். பிழைத்ததைச் சுற்றி உடைவிதை தூவினான். மாசானத்தின் பிள்ளைகள் வளர்ந்து கூடவே வந்து ஊன்றினார்கள். தம்பி எந்த இடத்தில் கிடக்கிறான் என்று பலவேசத்துக்குத் தெரியாது. அதனால் தேரி முழுவதும் ஊன்றினான். முதல் பனை நுங்கு தள்ளிய காலத்தில் முதுமையால் அவனுக்குக் கண் தெரியவில்லை. பொன்னிருளி ஒரு நுங்கைத் தோண்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது ஈரமாக, குளுகுளு என்று இருந்தது. அவன் அதைத் தின்னவில்லை. வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

அன்று முதல்தான் தேரிக்காட்டில் பனையும் உடையும் சேர்ந்து நிற்கின்றன. அன்று முதல்தான் தேரியின்மேல் ஏர் பூட்டுவதும் இல்லை, அதன் அடியில் மண் எடுப்பதும் இல்லை. குழியானை துக்கத்தில் உடல் வற்றி வற்றி மிளகளவு ஆகிவிட்டது. காய்ந்த மணலைக் கண்டால் இன்றைக்கும் உள்ளே இறங்கித் தோண்டுகிறது; மணல் சரிந்து மூட மூட விடாமல் வாரி வாரி வெளியே எறிகிறது. எறும்பு பிடிக்கத்தான் குழி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதைப் பிடித்து உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள்: ஓரடியும் முன்னால் வைக்காது, பின்னாலேயேதான் நகரும்.